முகக்கணக்கு நாள்

சனிக்கிழமை காலையில் நவநீதனும் அவனுடைய பொம்மையும் ஒரே லிஃப்டில் இறங்குவார்கள். நவநீதன் ஷட்டில் விளையாடப் போவான். பொம்மை உழவர் சந்தைக்குப் போகும். இவன் தோளில் மட்டைப் பை, அதன் தோளில் மஞ்சள் துணிப்பை. நவநீதனின் பழைய நீலச் சட்டை ஒன்றை அவன் மனைவி மஞ்சரி அதற்குப் போட்டுவிட்டிருந்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை. அதில் நவநீதனின் முகம், குளித்துத் தலைவாரி, சாந்தமாக. அசல் நவநீதன் அந்த நேரத்தில் பல்கூடச் சரியாகத் துலக்கியிருக்க மாட்டான்.

லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று இறங்கும். ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒருவர் தன் பொம்மையோடு ஏறுவார். பொம்மைகள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொள்ளும், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கும். மனிதர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சரவணம்பட்டியின் அந்த அடுக்ககத்தில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வது என்றால் அதுதான்.

அரசாங்கம் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் நடைப்பதிலி. நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக நடந்து போவது. பெயர் அப்படியே இருக்க, ஜனங்கள் அதைப் பொம்மை என்றார்கள். நடக்க முடியாதவர்கள் என்ற பகுதியையும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

விளையாடி முடித்து வியர்க்க விறுவிறுக்க நவநீதன் வீடு திரும்பும்போது, பொம்மையும் திரும்பி, சமையல் மேடையில் பையைக் கவிழ்த்திருக்கும். மண் ஒட்டிய முள்ளங்கி, கோணல் புடலங்காய், ஓட்டை விழுந்த கத்தரிக்காய், கொசுறாக ஒரு பிடி கீரை.

"இந்தக் கத்தரிக்காய்ல ஏற்கெனவே குடித்தனம் இருக்காங்க" என்பாள் மஞ்சரி. எல்லாவற்றையும் வாரி உரக்குழாயில் போட்டுவிட்டுக் குளிர்பேழையைத் திறப்பாள்.

பேழைக்குள் விண்தோட்டத்துக் காய்கள் வரிசையாக இருக்கும். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைத்தொடர் அது. மண்ணே படாமல், கண்ணாடிக் கோபுரங்களில் அடுக்கடுக்காக, பனிப்புகையில் வளர்த்த காய்கள். அடுக்ககத்தின் அடித்தளத்திலேயே ஒரு கிளை உண்டு. பேழையில் எது குறைகிறதோ அது குழாய் வழியாகத் தானே மேலே வந்து நிரம்பிவிடும். வெண்டைக்காய் எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. நுனியை ஒடித்துப் பார்க்கும் வேலையே இல்லை, அத்தனையும் பிஞ்சு. ருசி என்று ஒன்று இருந்ததா என்று கேட்டால் நவநீதனுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் குறை சொல்லவும் ஒன்றும் இருக்காது.

இவ்வளவு சுலபமாகக் காய் கிடைக்கும்போது சந்தைக்கு ஆள் அனுப்புவானேன்? தண்ணீருக்காக.

வறட்சிக் காலத்தில் கோபுரக்காரர்கள் கொங்கு நாடு முழுக்க நிலம் வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது நிலமல்ல, நிலத்துக்கு வரும் தண்ணீர். அதை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி நடந்து, முடிவில் முகச்சட்டம் வந்தது. நகரத்து வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் உழவர் பங்காளி. வாரம் ஒரு முறை வீட்டிலிருந்து யாராவது ஒருவர் நேரில் போய், அந்த உழவரின் முகத்தைப் பார்த்துக் காய் வாங்கவேண்டும். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினாலும் போதும். போகாத வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வராது. போதுமான முகங்கள் தேடி வராத உழவருக்கு மடை அடைபடும். அந்தத் தண்ணீர் கோபுரத்துக்குப் போய்விடும். பணத்தைக் கொண்டு அளந்தால் யாரும் யார் பெயரிலும் கட்டிவிடுவார்கள், முகத்தை அப்படிக் கட்ட முடியாது என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். பாவம், நல்லவர்கள்.

உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் பதிலி அனுமதி. அதற்கும் நிபந்தனை உண்டு. முடியாதவர் வீட்டில் படுத்தபடி அதன் கண் வழியே பார்த்து, அதன் வாய் வழியே தானே பேசவேண்டும்.

நவநீதன் ஒரு காலத்தில் ஒழுங்காகச் சந்தைக்குப் போனவன்தான். அப்போது பீளமேட்டில் குடியிருந்தான். அவனுக்கு வேறு சந்தை, வேறு பங்காளி. வெயிலில் நிற்பது பிடிக்கவில்லை. எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பதைப் பார்த்துவிட்டு, இவன் பீர்க்கங்காயின் நுனியை ஒடிக்கப் போனான். சந்தையே சிரித்தது. நவநீதன் எதையும் மறப்பான், தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை மட்டும் மறக்கமாட்டான். சரவணம்பட்டிக்குக் குடிவந்ததும் எதிர்வீட்டுப் பரணிகுமார்தான் வழி காட்டினான்.

"இந்த பில்டிங்ல நடக்க முடிஞ்சவங்க யாருமே கிடையாது நவநீ, தெரியுமா?" என்றான் பரணிகுமார், ஷட்டில் மட்டையால் முதுகைச் சொறிந்தபடி. "முழங்கால் வலின்னு சொல்லு. திரையில வர்ற டாக்டர் உன் காலைத் தொட்டா பார்க்கப் போறாரு? பொம்மை வந்ததும் நான் ஒரு உரையாடி ஏத்தித் தர்றேன். உன் குரல்ல அதுவே பேசிக்கும். நீ நிம்மதியா விளையாட வா."

அப்படித்தான் நவநீதன் கால் முடியாதவன் ஆனான். பொம்மை வாரம் தவறாமல் போய்வந்தது. அது யாரைப் பார்த்தது, என்ன பேசியது என்று அவன் கேட்டதே இல்லை.

கோடையில் ஒரு சனிக்கிழமை பொம்மை பையைக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போல மூலைக்குப் போகாமல் நின்றது. வீட்டில் அது செய்தி வாசிப்பவர் போலத்தான் பேசும்.

"அடுத்த வாரம் முகக்கணக்கு நாள், வருட வருகைகளைச் சரிபார்க்கும் நாள். விலக்குப் பெற்றவர்களும் இவ்வருடம் ஒரு முறை நேரில் வரவேண்டும். நீங்கள் வருவதாகத் துளசிமணி அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"யாரு துளசிமணி?"

"உங்கள் பங்காளி."

நவநீதன் பரணிகுமாரிடம் ஓடினான். பரணிகுமாருக்கும் அதே செய்தி வந்திருந்தது. முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். விலக்குச் சலுகையை ஊரே தின்கிறது என்று மேலிடத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்களாம். சந்தை வாசலில் ஓர் அலுவலர் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் நடக்கச் சொல்லிப் பார்ப்பாராம். கருவி வைத்துச் சோதித்தால் அதை ஏமாற்ற இன்னொரு கருவி வந்துவிடுகிறது என்று, இந்த முறை வெறும் மனிதக் கண். முடியாதவர் என்று சொல்லிக்கொண்டவர் நன்றாக நடந்தால் அவருடைய வருட வருகை மொத்தமும் செல்லாது.

"நம்ம வீட்டுக்கு ஒரு மாசம் தண்ணி நிக்கும், அவ்வளவுதானே. லாரித் தண்ணி வாங்கிக்கலாம்" என்றாள், அவன் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்ட மஞ்சரி. "அந்தம்மாவுக்கு?"

"அவங்களுக்கு ஒரு முகம் குறையும்."

"ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாதில்ல?"

அது தெரியவேண்டுமானால் பொம்மை பேசியதைக் கேட்கவேண்டும். இத்தனை மாதமாகத் தான் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரியாமல் நேரில் போய் நிற்கவும் முடியாது. இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பொம்மை தன் நினைவிலிருந்து ஒலியை ஓட்டியது. முதலில் சந்தை இரைச்சல், பிறகு ஒரு பெண்குரல்.

"கால் எப்படி இருக்குதுங்க தம்பி?"

"முன்னைக்கு இப்பப் பரவால்லீங்க்கா. படி இறங்கறதுதான் கஷ்டம்." நவநீதனின் குரல், நவநீதனின் சிரிப்பு. "செம்மலர் போன் பண்ணுச்சுங்களா? ஆஸ்டல் சாப்பாடு பிடிக்கலைன்னு சொன்னீங்களே."

"பண்ணுச்சுங்க. நர்சுக்குப் படிக்கிற புள்ள, ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருதுங்குது. என்னத்தச் சொல்ல."

"மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தானுங்க. பழகிரும். நீங்க கோவிச்சுக்காதீங்க. அது உங்ககிட்டத்தான சொல்லும்?"

"நீங்க ஒருத்தருதான் தம்பி அவளப் பத்திக் கேக்கறீங்க" என்றது பெண்குரல்.

இன்னொரு வாரத்துப் பேச்சு ஓடியது.

"முடக்கத்தானை மாவுல அரைச்சுத் தோசை ஊத்தச் சொன்னனே, ஊத்துனீங்களா?"

"ஊத்தினோமுங்க்கா. வீடே மணந்துச்சு. காலும் கொஞ்சம் லேசா இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க! அது வேலியில சும்மா கெடக்கற கொடிதானுங்க. இந்த வெயிலுக்குக் காஞ்சே போயிருச்சு. உங்களுக்குன்னு கத்தரிப் பாத்தி ஓரமா ரெண்டு கொடி வெச்சுத் தண்ணி விடறேன். கத்தரித் தண்ணிய அதுக்குத் திருப்பறதுல கத்தரி கொஞ்சம் சொத்தையானாப் போவுது, உங்களுக்குக் கால் சரியாகோணும்."

மஞ்சரி உரக்குழாயின் மூடியைப் பார்த்தாள். நவநீதன் எங்கும் பார்க்கவில்லை. காது இரண்டும் சுட்டன. சின்ன வயதில் வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டபோது இப்படிச் சுட்டது ஞாபகம் வந்தது.

"உங்க குரல் இவ்வளவு அன்பாப் பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள் மஞ்சரி. குத்தலாகத்தான் தொடங்கினாள், பாதியில் குரல் இறங்கிவிட்டது.

கடைசியாக அன்று காலைப் பேச்சு.

"இந்த வருசம் முகம் கம்மிங்க தம்பி. கொஞ்சம் வீட்டுக்காரங்க வெளியூரு போயிட்டாங்க. விளிம்புல நிக்கறேன். ஒரு முகம் தட்டுச்சுன்னாலும் மடைய அடைச்சுருவாங்க. உங்களுக்குக் கால் முடியாதுன்னு தெரியுமுங்க, இருந்தாலும் கேக்கறேன். ஒருநாள் மட்டும் நேர்ல வந்துட்டுப் போயிருங்க."

"கண்டிப்பா வர்றேனுங்க்கா. தவழ்ந்தாவது வந்துருவேன்."

நவநீதன் துள்ளி எழுந்தான். "தவழ்ந்தாவதுன்னு எதுக்குச் சொன்னே?"

"நீங்கள் நல்லவராக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று கணித்தேன்" என்றது பொம்மை.

அன்று பகல் முழுக்க இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் மஞ்சரி. சொன்னால் அந்த அம்மாளின் மடை போய்விடும் என்றான் நவநீதன். போகாமலே இருந்தாலும் போய்விடும். ஆக, மிஞ்சியது ஒரே வழிதான்: போகவேண்டும், காலை இழுத்து நடக்கவேண்டும். அவளுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டபோது நவநீதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நம் பொய்க்கு அடுத்தவர் நன்மையைக் காரணமாகக் காட்ட முடிந்தால் அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

வாரம் முழுக்கக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. "இப்ப இடது காலை இழுக்கறீங்க, திரும்பி வரும்போது வலது கால்" என்று மஞ்சரி திருத்தினாள். ஒருமுறை இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்தது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

முகக்கணக்கு நாளன்று பேருந்தில் ஏறிய நவநீதன் உள்ளே பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அடுக்ககமே அதில் இருந்தது. பரணிகுமார் கழுத்தில் பட்டை மாட்டியிருந்தான். மூன்றாம் மாடித் தம்பதி ஆளுக்கொரு ஊன்றுகோலோடு வந்திருந்தார்கள். தினமும் மாலையில் மொட்டை மாடியில் நடன வகுப்பு எடுக்கும் வைஜெயந்தி மேடம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. இந்த மாதிரி நேரத்தில் பொம்மைகளாவது கூட இருந்திருக்கலாம்.

சந்தை நொய்யல் கரையில் இருந்தது. கூரையில்லாத திடல், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் அலுவலர் அம்மாளின் மேசை, பக்கத்தில் அவருடைய வண்டி. இறங்கிய கூட்டம் தத்தம் ஊனத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே நகர்ந்தது. பங்கு பங்காகக் கூப்பிடும்போது மேசைக்கு வந்தால் போதும். நவநீதன் தலையைத் தூக்கித் திடலைப் பார்த்தான். ஒவ்வொரு உழவரும் தன் காய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி, கிடைக்காதவர்கள் கவிழ்த்த கூடைமேல் சாக்கு. காய் பரப்பும் இடத்தைக் குறுக்கிக்கொண்டு, வருகிற நோயாளிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

துளசிமணியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவனைத் தெரிந்தது. புடவைமேல் ஆண்சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒல்லியான பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா வாங்க தம்பி. கல்லு கெடக்குது பாத்து. வந்துட்டீங்களே, அதே போதும்."

நாற்காலியில் ஈரத்துண்டு விரித்திருந்தாள். வெயிலில் சூடாகாமல் இருக்க. அதை எடுத்துவிட்டு அவனை உட்காரவைத்தாள். தான் நின்றாள். ஒரு சொம்பு மோரை நீட்டினாள். வாங்கிக்கொண்ட நவநீதனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பொம்மையாக இருந்தால் இந்நேரம் நாலு விஷயம் விசாரித்திருக்கும்.

"நல்லாருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேனுங்க." அவள் காத்திருந்தாள். இவன் மோரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொம்மை வழியாப் பேசறப்ப கலகலன்னு பேசுவீங்க. நேர்ல கூச்சமாட்ட இருக்குது" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"செம்மலர்... எப்படி இருக்கு?"

அவள் முகம் மலர்ந்தது. "இப்ப ஊசியெல்லாம் போடுதுங்க! நீங்க சொன்னாப்புலயே பழகிருச்சு. உங்க பேச்சச் சொன்னேன் அவகிட்ட. அந்த அண்ணனுக்குக் கால் சரியாகோணும்னு கோயிலுக்கு வேண்டியிருக்குதாமா."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நவநீதன் வாயைத் திறக்கவும் செய்தான். ஆனால் வாசலில் அலுவலர் ஒருவரை நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மீதி மோரையும் குடித்தான்.

வானம் எப்போது கறுத்தது என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் காற்று மண்ணை வாரி அடித்தது. பிறகு கோடை மழை, சொட்டுச் சொட்டாகத் தொடங்காமல் ஒரேயடியாக, ஆலங்கட்டியோடு கொட்டியது. ஒரு கட்டி நவநீதனின் நெற்றியில் விழுந்தது.

அவன் ஓடினான்.

அவன் மட்டுமல்ல. பரணிகுமார் கழுத்துப் பட்டையைத் தலைக்குமேல் பிடித்தபடி கூடைகளைத் தாண்டினான். மூன்றாம் மாடித் தம்பதி ஊன்றுகோல்களை எறிந்துவிட்டுக் கைகோத்து ஓடினார்கள். வைஜெயந்தி மேடம் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, அதை மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எல்லோரையும் முந்தினார். முடியாதவர்கள் அத்தனை பேரும் தகரக் கொட்டகைக்குள் வந்து சேர்ந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம்தான் திரும்பி வெளியே பார்த்தார்கள்.

உழவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் கொட்டகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நவநீதனுக்குத் தோன்றியது. துளசிமணி அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தார்ப்பாயை இழுக்கப் போனாள்.

காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தது. அவள் ஒரு முனையில் காலை வைத்துக்கொண்டு மறுமுனைக்குத் தாவினாள். அதற்குள் ஆலங்கட்டி தக்காளியை நசுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆள் பிடித்தால் போதும். அங்கிருந்து பத்தடிதான். போகவேண்டுமானால் நல்ல காலோடு, அவள் கண் எதிரில் நடந்து போகவேண்டும். அதைத்தான் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே, இனி என்ன என்று புத்தி சொன்னது. கால் நகரவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு நவநீதன் உண்மையிலேயே நடக்க முடியாதவனாக இருந்தான். கொட்டகைக்குள் இருந்த ஒருவரும் நகரவில்லை. நசுங்கும் காய்களைப் பார்க்காமல் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

வந்த வேகத்தில் மழை நின்றது. அலுவலரின் வண்டிக் கதவு திறந்தது. மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் இறங்கி, மேசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியெல்லாம் நீராவி படிந்திருந்தது. அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

"துளசிமணி பங்கு வீட்டுக்காரங்க யாரு பாக்கி? வாங்க" என்று கூப்பிட்டார்.

நவநீதன் கொட்டகையை விட்டு இறங்கி அவளிடம் போனான். அவள் நனைந்து, முழங்கால்வரை சேறாக, உடைந்த தக்காளியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை அவன் நிமிர்த்தி வைத்தான்.

"அக்கா" என்றான். அந்தச் சொல்லைத் தன் வாயால் அவன் சொன்னது அதுதான் முதல்முறை. "அக்கா, நான்..."

"பேசாதீங்க." அவள் நிமிராமலே சொன்னாள். "அந்தம்மா பாக்குறாங்க."

"நான் உண்மையைச் சொல்லிடறேன். என்ன ஆனாலும்..."

"உங்களுக்கு என்ன ஆகும்? லாரித் தண்ணி வாங்கிக்குவீங்க." அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, முன்போலவே அவன் முழங்கையைப் பிடித்தாள். பிடி மட்டும் இப்போது இறுகலாக இருந்தது. "நொண்டுங்க."

"அக்கா..."

"நொண்டுங்க தம்பி. என்ற மடை போயிரும்."

அவன் நொண்டினான். சேற்றில் ஒவ்வொரு அடியாக இடது காலை இழுத்தான். அவனுடைய பாரத்தைத் தாங்குகிறவள் போல அவள் தோளைச் சாய்த்து நடந்தாள். இருபுறமும் உழவர்கள் வழிவிட்டு நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கிவிட்டது. ஒவ்வொருவராகக் கொட்டகைக்குப் போய்த் தங்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் கைத்தாங்கலாக அழைத்துவரத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் சக்கர நாற்காலியை விரித்து, தண்ணீரை வழித்துவிட்டு, வைஜெயந்தி மேடத்தைப் பார்த்து "உக்காருங்கம்மா" என்றார். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அலுவலர் நவநீதனை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்பக் கஷ்டப்படறீங்களே சார். எத்தனை நாளா இப்படி?"

துளசிமணி பதில் சொன்னாள்.

"ரொம்ப நாளாவே அப்படித்தானுங்க. தவழ்ந்தாவது வர்றேன்னாரு. வந்துட்டாரு."

"இந்தக் காலத்துல இப்படி ஒருத்தர்" என்று அலுவலர் மனம் நெகிழ்ந்து குறித்துக்கொண்டார். "உங்க மடைக்கு இந்த வருசம் கவலை இல்லம்மா. இவருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்."

"நன்றிங்க தம்பி" என்றாள் துளசிமணி, அவன் முகத்தைப் பார்த்து. சட்டம் அதைத்தானே கேட்டது, முகம் பார்த்து.

வாசலைத் தாண்டி, பேச்சு கேட்காத தூரம் வந்ததும் அவள் கையை எடுத்தாள். நவநீதனின் கண் கலங்கியிருந்தது.

"மன்னிப்புன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லீங்க்கா. இனிமே வாராவாரம் நானே வர்றேன். பொம்மை வேண்டாம். நானே வந்து நின்னு, உங்ககிட்ட வாங்கிட்டுப் போறேன்."

அவள் அவனைக் கோபத்தோடு பார்க்கவில்லை. கணக்குப் புரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எப்படிங்க வருவீங்க? கால் முடியாதவர்னு இப்பத்தானே அந்தம்மா எழுதுனாங்க. நாளைக்கு நீங்க நல்லா நடந்து வந்து நின்னா, எழுதுனது பொய்னு ஆயிரும். அப்புறம் எவளோட மடை அடைபடும்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"நீங்க வர வேண்டாமுங்க. எப்பவும் வரக்கூடாது. பொம்மையவே அனுப்புங்க." துண்டை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "அது வந்து செம்மலரப் பத்திக் கேக்கும். நான் அதுகிட்டயே பேசிக்கறேன்."

அவள் சேற்றில் வேகமாக நடந்து தன் காய்களுக்குத் திரும்பினாள். அங்கே பாதி அழுகப்போகும் தக்காளியைத் தரம் பிரிக்கவேண்டும். நவநீதன் அங்கேயே நின்றான். வாசலில் அலுவலர் இவனைப் பார்த்து, பரவாயில்லை மெதுவாகப் போங்கள் என்பது போலக் கையசைத்தார். வெயில் மறுபடி அடித்தது. பேருந்து நிறுத்தம்வரை சாலை நேராக, ஒரு மரம்கூட இல்லாமல் கிடந்தது.

அவன் இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தான்.